காலை இரண்டு மணி நேரத்தை விட்டுவிடாதீர்கள்: ஒரு நாள் தீம் பார்க் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கூட்டமான தீம் பார்க்கில் ஒரு குடும்பத்தின் நாள் எப்படிப் போகும் என்பது பெரும்பாலும் கதவு திறந்த முதல் இரண்டு மணி நேரத்திலேயே முடிவாகிவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ரோலர் கோஸ்டரில் 20 பேர் உட்காரலாம், 2 நிமிடத்துக்கு ஒரு முறை வண்டி புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 600 பேர்தான் ஏற முடியும். உங்களுக்கு முன்னால் 600 பேர் நின்றால் ஒரு மணி நேரம் போச்சு. கதவு திறந்தவுடன் போனால் அதே இடத்தில் 50 பேர்தான் நிற்பார்கள். ஐந்து நிமிடத்தில் உங்கள் முறை வந்துவிடும். பேருந்துகள் வந்து இறங்கி, வெளியூர்க் குடும்பங்களும் சேர்ந்த பிறகுதான் வரிசை வளைந்து வளைந்து நீள ஆரம்பிக்கும்.

நம் ஊர் வானிலையும் காலைக்குத்தான் சாதகம். கோலாலம்பூரைச் சுற்றியுள்ள கிள்ளான் பள்ளத்தாக்கில் இடிமழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல். வெயிலில் தரை சூடேறி, ஈரக்காற்று மேலே எழும்பி, மூன்று நாலு மணிக்குக் கொட்டித் தீர்க்கும். ஏப்ரலிலும், அக்டோபர், நவம்பரிலும் இது இன்னும் அதிகம். மின்னல் நெருங்கினால் திறந்தவெளி ரைடுகளையும் குளங்களையும் நிறுத்திவிடுவார்கள். கெஞ்சினாலும் திறக்கமாட்டார்கள், திறக்கவும் கூடாது.

அதனால் பெரிய ரைடுகளைக் காலையில் முடிப்பதுதான் திட்டத்தின் முதுகெலும்பு. கீழே சொல்லும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்த நேரத்தைத் தின்பவைதான்.

யார் வருகிறார்கள் என்று பார்க்காமல் பூங்காவைத் தேர்ந்தெடுப்பது

கோலாலம்பூரிலிருந்து காலையில் கிளம்பி இரவுக்குள் திரும்ப வேண்டுமென்றால் பலருக்கும் மனதில் வருவது இரண்டு இடங்கள்: பண்டார் சன்வேயில் இருக்கும் சன்வே லகூன், மலைமேல் இருக்கும் கெந்திங் ஸ்கைவேர்ல்ட்ஸ். வீட்டில் மூத்த பிள்ளை எதைக் கேட்கிறதோ அதற்கே போவதுதான் வழக்கம். காரில் ஏறப்போகும் பாட்டியையும் கைக்குழந்தையையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

சன்வே லகூன் 1993இல் திறந்தது. ஒரு காலத்தில் ஈய லம்பமாக (ஈயச் சுரங்கமாக) இருந்த பள்ளத்தில் கட்டியது என்பதால் மேலிருந்து கீழே இறங்கித்தான் போக வேண்டும். ஏற்றமும் இறக்கமும் நடையும் உண்டு, வெயிலும் உண்டு. முட்டி வலிக்கும் பெரியவர்களுக்கு நாள் முழுக்க இது சிரமம். ஆனால் தண்ணீர் இருப்பதால் மூன்று வயதுப் பிள்ளையும் 15 வயதுப் பிள்ளையும் ஒரே இடத்தில் சந்தோஷமாக இருப்பார்கள்.

கெந்திங்கில் பழைய வெளிப்புறப் பூங்காவை 2013இல் மூடினார்கள். அதன் இடத்தில் ஸ்கைவேர்ல்ட்ஸ் 2022 பிப்ரவரியில் வந்தது. உயரம் ஏறக்குறைய 1,800 மீட்டர். கீழே 32 பாகை என்றால் மேலே 20ஐ ஒட்டி இருக்கும், மழையோடு மூடுபனியும் சேர்ந்தால் இன்னும் குறையும். ‘மலேசியாவில் என்ன குளிர்’ என்று அரைக்கை சட்டையோடு போய், மேலே கடையில் ஜாக்கெட் தேடும் குடும்பங்களை எந்த வார இறுதியிலும் பார்க்கலாம். பெரியவர்களுக்கு ஒரு வசதி, பக்கத்திலேயே கூரைக்குக் கீழே உட்கார ஸ்கைஅவென்யூ பேரங்காடி இருக்கிறது. மழை வந்தால் சின்னவர்களுக்கு உள்ளரங்கப் பூங்காவும் இருக்கிறது. கைக்குழந்தைக்கு மலை ஏறும்போது காது அடைக்கும். அந்த நேரத்தில் பால் கொடுத்தால் விழுங்க விழுங்கச் சரியாகிவிடும்.

என்னைக் கேட்டால், பாட்டி தாத்தாவோடு போகிறவர்களுக்கு மலை. சின்னப் பிள்ளைகள் அதிகம் இருந்தால் தண்ணீர்.

‘போகிற வழிதானே’

இந்தத் தவறு நம்மவர்களுக்கே உரியது. கெந்திங் போகிறோம், வழியில் பத்துமலை இருக்கிறது, சாமியைப் பார்த்துவிட்டே போவோம் என்று வீட்டில் ஒருவர் சொல்வார். மறுத்துப் பேச யாருக்கும் மனம் வராது. வரைபடத்தில் பார்த்தால் சரியாகத்தான் தெரியும்: எம்ஆர்ஆர்2 சாலையில் பத்துமலை, அப்புறம் கோம்பாக் டோல், அப்புறம் காராக் நெடுஞ்சாலை.

ஆனால் 272 படி ஏறி இறங்குவது என்பது ஒரு குடும்பத்துக்கு எத்தனை நேரம்? கார் நிறுத்த இடம் தேடணும், 42.7 மீட்டர் முருகன் சிலைக்கு முன்னால் படம் பிடிக்கணும், மேலே போய் அர்ச்சனை, இறங்கி வந்து பிள்ளைகளுக்கு இளநீர், பிறகு ‘வந்ததுதான் வந்தோம், பசியாறிவிட்டுப் போவோம்’. எட்டு மணிக்கு இறங்கியவர்கள் பத்தரைக்குத்தான் கிளம்புவார்கள். மலை ஏறி நுழைவாயிலுக்குப் போகும்போது மணி பன்னிரண்டு. கால்களும் ஏற்கனவே ஓய்ந்திருக்கும். சாமி கும்பிட இன்னொரு நாள் தனியாக வாருங்கள், அமைதியாகவும் கும்பிடலாம்.

தைப்பூசத்தை ஒட்டிய நாட்களில் இந்தப் பாதையையே நினைக்க வேண்டாம். கோலாலம்பூரிலும் சிலாங்கூரிலும் பினாங்கிலும் தைப்பூசம் பொதுவிடுமுறை. ‘லீவு நாள்தானே’ என்று கெந்திங் கிளம்பினால், பத்துமலைப் பக்கம் சாலை மூடல்களில் மாட்டிக்கொண்டு காரிலேயே பாதி நாள் போய்விடும்.

நாளைத் தேர்ந்தெடுப்பதில்

செவ்வாய், புதன், வியாழன். பள்ளி விடுமுறை இல்லாத வாரம். முடிந்தால் அதுதான். பிள்ளைகள் பள்ளிக்குப் போகிற வீட்டில் இது முடியாது என்பது தெரிந்ததே. ஆகவே விடுமுறைக்குள்ளேயே கூட்டம் குறைந்த நாளைத் தேட வேண்டும். தீபாவளிக்கு மறுநாள், சீனப் புத்தாண்டின் மூன்றாம் நாள் எல்லாம் உச்சக் கூட்டம். விடுமுறை தொடங்கும் முதல் சனிக்கிழமையை விட, நடு வாரத்தின் செவ்வாய் எவ்வளவோ மேல். ஜூன் மாதத்திலும் ஆண்டு இறுதியிலும் சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கும் விடுமுறை என்பதால் அங்கிருந்தும் ஆட்கள் வருவார்கள். நம் நாட்காட்டியை மட்டும் பார்த்தால் இது தெரியாது. 2026 முதல் நம் பள்ளித் தவணை மறுபடி ஜனவரிக்கே வந்துவிட்டது, அதனால் சில வருடத்துக்கு முந்தைய விடுமுறைப் பட்டியலை வைத்துத் திட்டம் போடாதீர்கள்.

வாரநாளில் போகிறவர்கள் அன்றைக்குப் பூங்கா திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பராமரிப்புக்காக வாரத்தில் ஒரு நாள் மூடும் இடங்களும் உண்டு.

டிக்கெட்டும் மைகாட்டும்

வாசலில் போய் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பது காலை நேரத்தில் பாதியைக் கவுண்டரிலேயே செலவழிப்பதற்குச் சமம். முந்தின இரவே இணையத்தில் வாங்கிவிடுங்கள். மலேசியர்களுக்குத் தனி விலை இருந்தால் அதற்கு அடையாளம் கேட்பார்கள்: பெரியவர்களுக்கு மைகாட், பிள்ளைகளுக்கு மைகிட். மைகிட்டை வீட்டு அலமாரியில் பூட்டி வைத்துவிட்டு வாசலில் நின்று வாதாடுவது வேண்டாத வேலை. தமிழ்நாட்டிலிருந்து விருந்துக்கு வந்த மாமா அத்தைக்கு வெளிநாட்டவர் விலைதான். அதை அவர்கள் முன்னாலேயே கவுண்டரில் கண்டுபிடிக்காமல் முன்பே பார்த்து வைத்தால் இரண்டு பக்கமும் சங்கடம் இல்லை.

வாட்ஸ்அப்பில் வரும் ‘பாதி விலை டிக்கெட்’ பக்கம் போகவே வேண்டாம்.

ஸ்கைவேர்ல்ட்ஸ் திறந்தபோதே செயலி வழியாக நேரம் பிடிக்கும் மெய்நிகர் வரிசை முறையோடுதான் தொடங்கியது. அந்தச் செயலியை வீட்டு வைஃபையில் இறக்கிக் கணக்கும் தொடங்கி வைத்துவிட்டால், மேலே போய் இணைய லைன் கிடைக்காமல் கையைப் பிசைய வேண்டாம். பவர் பேங்க் ஒன்று கூட இருக்கட்டும்.

விரைவு வரிசைக்குத் தனியாகக் காசு கேட்பார்கள். பொதுவிடுமுறையில், உயரம் எட்டிய பெரிய பிள்ளைகளோடு போனால் வாங்குங்கள். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு அது வீண். அந்தச் சீட்டு செல்லும் ரைடுகளில் பெரும்பாலானவற்றில் அவர்கள் ஏறவே முடியாது.

உயரக் கோடு

ஒவ்வொரு ரைடு வாசலிலும் ஓர் அளவுகோல் நிற்கும். பிள்ளை அந்தக் கோட்டுக்கு ஒரு சென்டிமீட்டர் குறைந்தாலும் ஏற்றமாட்டார்கள். வேலைக்கு நிற்கும் இளைஞரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. இருக்கையின் பாதுகாப்புப் பட்டையும் கம்பியும் ஒரு குறிப்பிட்ட உடல் அளவுக்கே பிடித்து நிற்கும். அதற்குச் சிறிய உடம்பு நழுவிவிடும்.

உண்மையான தவறு இதை 40 நிமிடம் வரிசையில் நின்ற பிறகு கண்டுபிடிப்பது. அழும் பிள்ளையைத் தேற்ற இன்னும் அரை மணி நேரம். வீட்டுச் சுவரில் பிள்ளைகளை நிறுத்தி அளந்து, பூங்காவின் இணையப் பக்கத்தில் இருக்கும் பட்டியலோடு ஒப்பிட்டு, ‘உனக்கு இது இது, அண்ணனுக்கு அது அது’ என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். அண்ணன் ஏறும் நேரத்தில் தங்கைக்கு என்ன என்பதையும் அப்போதே முடிவு செய்ய வேண்டும். அப்பாவும் அம்மாவும் மாறி மாறி ஏற விரும்பினால், இரண்டாவது ஆள் மறுபடி முழு வரிசை நிற்க வேண்டுமா என்று வாசலில் கேளுங்கள். சில இடங்களில் விட்டுவிடுவார்கள்.

தண்ணீர்ப் பூங்காவுக்கு என்ன உடுத்துவது

பருத்தி டீ-சட்டை, ஜீன்ஸ், பஞ்சாபி சூட்டோடு தண்ணீரில் இறங்க விடமாட்டார்கள். பருத்தி தண்ணீரை உறிஞ்சிக் கனத்துவிடும். பட்டனும் ஜிப்பும் சறுக்கைக் கீறும், உடம்பையும் கீறும். உடலை மூடி உடுத்த விரும்பும் அம்மாக்களும் அத்தைகளும் இதற்காக ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை. முழுக்கை, முழுக்காலோடு லைக்ரா நீச்சலுடை நம் ஊர்க் கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது. பூங்காக் கடையில் வாங்கினால் விலை கூட, அளவும் கிடைக்காமல் போகலாம்.

நகையை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். கொலுசு, வளையல், மோதிரம் எல்லாம் சறுக்கின் இணைப்பில் மாட்டும், குளத்தில் விழுந்தால் கிடைக்காது. தாலியைக் கழற்ற மனம் இல்லாதவர்கள் கழுத்து மூடிய நீச்சல் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, வேகச் சறுக்குகளை மட்டும் விட்டுவிடலாம். கண்ணாடிக்கு ஒரு கயிறு.

இங்கே இன்னொரு சிக்கல், கைப்பேசி லாக்கரில் இருக்கும். ‘எங்கே இருக்கே?’ என்று கூப்பிட முடியாது. 12 மணிக்கு இந்த மரத்தடியில், 3 மணிக்கு இந்தக் கடை முன்னால் என்று பேசி வைக்க வேண்டும். உள்ளே போனதுமே பிள்ளைகளை அன்றைய உடையில் ஒரு படம் எடுத்து வையுங்கள்; கூட்டத்தில் யாராவது காணாமல் போனால் பணியாளரிடம் காட்ட உதவும். சின்னப் பிள்ளையின் கையில் அழியாத பேனாவால் அப்பா நம்பரை எழுதிவிடலாம்.

அலைக்குளத்தில் செய்யும் தவறுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. ஐந்து பெரியவர்கள் போவார்கள். ‘யாராவது பார்த்துக்கொள்வார்கள்’ என்று ஐந்து பேரும் நினைப்பார்கள். ரப்பர் வளையம் விளையாட்டுச் சாமான், உயிர்காப்பு அங்கி இல்லை. ஓர் அலை புரட்டினால் பிள்ளை அடியில், வளையம் மேலே. மூழ்கும் பிள்ளை சத்தம் போடாது, கை தட்டிக் கூப்பிடாது. நீச்சல் தெரியாத பிள்ளைக்கு ஒரு பெரியவர், கை நீட்டினால் தொடும் தூரத்தில், தண்ணீருக்குள்ளேயே. மாற்றிக்கொள்ளும்போது ‘இப்ப நீ பார்’ என்று வாய்விட்டுச் சொல்லி ஒப்படைக்க வேண்டும். 12 வயது அண்ணனிடம் இந்தப் பொறுப்பைக் கொடுக்கவே கூடாது.

சாப்பாடு

காலையில் மாமாக் கடையில் எட்டுப் பேர் உட்கார்ந்து ரொட்டி சானாய் சொல்லிவிட்டுக் காத்திருந்தால் முக்கால் மணி நேரம் போய்விடும். நாசி லெமாக் பொட்டலம் வாங்கிக் காரிலேயே முடிப்பது நல்லது. மலைக்குப் போகிறவர்கள் அதையும் கொஞ்சமாக. வயிறு நிறையப் பருப்புக் குழம்போடு வளைவுகளில் ஏறினால் பின்சீட்டு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பூங்காக்களில் வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி இருக்காது. மதியச் சாப்பாட்டை 11.30க்கு அல்லது 2.30க்கு வைத்துக்கொண்டால் வரிசை இல்லை. புரட்டாசியிலோ வெள்ளிக்கிழமையிலோ சைவம் சாப்பிடும் வீட்டார் உள்ளே என்ன கிடைக்கும் என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பெரியவர்கள் நாள் முழுக்க உருளைக்கிழங்கு வறுவலில்தான் ஓட்ட வேண்டும். வெளியே போய்த் திரும்ப வரலாமா என்று நுழையும்போதே கேட்டு வைத்தால், சன்வே லகூன் பக்கத்திலேயே இருக்கும் சன்வே பிரமிட் பேரங்காடியில் சாப்பிடலாம். இனிப்புநீர் நோய் உள்ளவர்களுக்குச் சாப்பாட்டு நேரம் தள்ளக் கூடாது. மருந்து கைப்பையில் இருக்கட்டும், லாக்கரில் வேண்டாம்.

மதியத்திலேயே கிளம்பிவிடுவது

மழை வந்ததும் பலர் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். மழை ஓய்ந்து ரைடுகள் மறுபடி ஓடும்போது வரிசை பாதியாகியிருக்கும். காலையை அடுத்து நல்ல நேரம் இதுதான், மூடும் முன் இருக்கும் கடைசி ஒரு மணி நேரமும் அப்படித்தான். அதனால் ஒரு மணியிலிருந்து மூன்று மணி வரை நிழலில் உட்காருங்கள், சின்னவர்கள் தூங்கட்டும்.

திரும்புவதற்கும் திட்டம் வேண்டும். சன்வேயில் மாலை நெரிசல் பிடிக்காதவர்கள் காரை விட்டுவிட்டு யூஎஸ்ஜே 7 நிலையம் வரை எல்ஆர்டி ரயில், அங்கிருந்து பிஆர்டி பேருந்தில் சன்வே லகூன் நிறுத்தம் என்று வந்து போகலாம். கெந்திங்கில் காரை அவானா கேபிள் கார் நிலையத்தில் நிறுத்தி மேலே ஏறியவர்கள், பத்து நிமிடப் பயணம்தானே என்று கடைசி வரை இருந்துவிடுவார்கள். இறங்குவதற்கும் வரிசை உண்டு. இடி மின்னல் வந்தால் கேபிள் காரையும் நிறுத்துவார்கள். மேலிருந்து காரில் இறங்குகிறவர்கள் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வராமல் குறைந்த கியரில் வாருங்கள், பிரேக் சூடேறினால் பிடிக்காது. ஞாயிறு மாலையும் நீண்ட விடுமுறையின் கடைசி நாளும் பெந்தோங், குவாந்தான், கிளந்தான் பக்கத்துக் கார்கள் எல்லாம் காராக் வழியாகத்தான் கோலாலம்பூருக்குத் திரும்பும். அன்று மதியம் மூன்று மணிக்குள் இறங்கிவிடுங்கள். இல்லையென்றால் மேலேயே இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு ஒன்பது மணிக்கு மேல் இறங்குங்கள்.