பழைய டர்போ கார்: பார்த்து வாங்குவது முதல் பலம் கூட்டுவது வரை

கையில் இருக்கும் காசை மூன்றாகப் பிரியுங்கள். இரண்டு பங்குக்குள் கார் வாங்கி முடிய வேண்டும். மூன்றாவது பங்கு பலம் கூட்டுவதற்கல்ல, முந்தைய சொந்தக்காரர் செய்யாமல் விட்ட வேலைகளைச் செய்து முடிப்பதற்கு. அந்தப் பங்கு இல்லையென்றால் சின்னக் கார் ஒன்றை வாங்கி நிம்மதியாக ஓடலாம்.

உதாரணத்துக்கு சுபாரு இம்ப்ரெசா டபிள்யூஆர்எக்ஸை எடுத்துக்கொள்வோம். 2000 முதல் 2007 வரை வந்த இரண்டாம் தலைமுறை, ஈஜே20 டர்போ என்ஜின் (டர்போ என்றால் வெளியேறும் புகையால் சுழன்று என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் சக்கரம்), ஜப்பான் மாடலில் 250 குதிரைவலு. லான்சர் எவலூஷனுக்கும் ஸ்டார்லட் டர்போவுக்கும் முறை பெரும்பாலும் இதுதான், எண்களும் சில இடங்களும் மாறும்.

படி 1: பொனற்றைத் திறக்க முன்னர் புத்தகம்

பதிவுப் புத்தகத்தில் உள்ள என்ஜின் எண்ணையும் சேசி எண்ணையும் காரில் இருப்பதோடு நேரில் ஒப்பிடுங்கள். போட்டோவில் பார்த்தது கணக்கில்லை. இந்தக் கார்களில் என்ஜின் மாற்றுவது சர்வசாதாரணம். மாற்றியது பிழையில்லை, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியாமல் விட்டதுதான் பிழை. அந்தத் தலையிடி உங்களுக்கு வரும். லீசிங் பாக்கி இருக்கிறதா என்றும் அதே புத்தகத்தில் பாருங்கள். ‘ஓபன் பேப்பர்’ (விற்பவர் பெயருக்கு மாற்றாமல் கையெழுத்து மட்டும் வைத்த பத்திரம்) என்றால் காரைத் தொடவே வேண்டாம்.

ஜப்பான் காரின் சேசி எண் ஜிடிஏ என்று தொடங்கினால் அது டபிள்யூஆர்எக்ஸ், ஜிடிபி என்றால் எஸ்டிஐ. பின்னால் எஸ்டிஐ பட்ஜ், முன்னால் பெரிய பொனற் வாய், சேசி எண்ணோ ஜிடிஏ: இப்படி நிறைய உலாவுகிறது. கேட்கும் விலை எதற்கு என்று தெரிந்து கொடுங்கள்.

படி 2: உப்பு எங்கே இருக்கிறது

நம் திருகோணமலையின் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடற்கரையோரமாக வருடக்கணக்கில் நின்ற காருக்கு மேல் பெயின்ற் பளபளக்கும், அடி தின்றுபோயிருக்கும். காரை ஜாக்கில் அல்ல, சேர்விஸ் ஸ்டேஷன் ஹொயிஸ்ட்டில் தூக்கச் சொல்லுங்கள். பின் சில்லு வளைவின் உள் விளிம்பு, பின் ஷொக் மேலே பூட்டும் இடம், கதவுக்குக் கீழுள்ள சில், பிரேக் பைப்புகள் ஆகியவற்றில் ஸ்குரூட்ரைவர் பிடியால் மெதுவாகத் தட்டுங்கள். டங்கென்று கேட்டால் தகரம், மந்தமாகக் கேட்டால் புட்டி.

வெள்ளத்தில் நின்றதா என்று அறிய ஸ்பெயார் சில்லு கிடக்கும் குழியையும், முன் சீற்றின் கீழ் ஓடும் வயர் இணைப்புகளையும், சீற் பெல்ட்டை முழுக்க இழுத்து அதன் அடிப்பகுதியையும் பாருங்கள். பெல்ட்டின் கடைசி அடியில் சேற்றுக் கறை இருந்தால் பேச்சை நிறுத்திக்கொள்ளலாம்.

படி 3: ஆறிய என்ஜின்

“ஸ்டார்ட் பண்ணிச் சூடாக்கி வச்சிருக்கிறன் அண்ணன், வந்து ஓடிப் பாருங்கோ” என்று விற்பவர் சொன்னால் அன்று போக வேண்டாம். வேறொரு நாள் விடியற்காலையில் போய் முதலில் பொனற்றில் கை வையுங்கள். குளிர்ந்திருக்க வேண்டும். ஒயில் குச்சி, கூலன்ற் தாங்கி இரண்டையும் பார்த்த பிறகுதான் ஸ்டார்ட். ஒயில் அளவு அடிக்கோட்டுக்குக் கீழே என்றால் பெரும் சந்தேகம்: இந்த என்ஜினைக் கொல்வது பெரும்பாலும் ஒயில் குறைவே. ஒயில் குறைந்த காரை வேகமாக ஓட்டும்போது கொன்ராட் பெயரிங்குகள் (பிஸ்டனின் தண்டு சுழலும் அச்சோடு சேரும் இடத்திலுள்ளவை) முதலில் போகும்.

சத்தத்தில் இரண்டு வகை. குளிரில் டக் டக்கென்று கேட்டு, சூடானதும் மறைந்தால் அது பிஸ்டன் சிலிண்டர் சுவரில் தட்டுவது. பழைய ஈஜேக்களில் சகஜம், விலை பேச உதவும். சூடேறச் சூடேறக் கூடுகிற ஆழமான தட்டல் வேறு. 3,000 சுற்றுக்கு ஏற்றிச் சட்டென்று காலை எடுக்கும்போது அது தெளிவாகக் கேட்கும். அது கொன்ராட் பெயரிங். அந்தக் காரை என்ஜின் இல்லாத கார் என்று எண்ணித்தான் விலை பேச வேண்டும்.

டர்போவைப் பார்க்க உள்ளெடுக்கும் குழாயைக் கழற்றி, சக்கரத்தின் நடுவிலுள்ள நட்டை இரு விரலால் பிடியுங்கள். பக்கவாட்டில் ஒரு மயிரிழை அசைவு இருக்கலாம். முன்னும் பின்னும் இழுத்தால் அசையவே கூடாது. சக்கரம் சுவரில் உரசிய தடமும் இருக்கக்கூடாது. இன்டர்கூலர் (டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் பகுதி) குழாயின் உள்ளே மெல்லிய ஒயில் ஈரம் இயல்பு, தேங்கி நின்றால் இயல்பல்ல.

படி 4: ஓட்டமும் கொம்ப்ரெஷனும்

முதலில் வெட்டவெளியில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, முதல் கியரில் மெதுவாக வட்டமடியுங்கள். கார் துள்ளி இழுத்தால் நடு டிஃபரென்ஷியல் (முன், பின் சில்லுகளுக்குப் பலத்தைப் பிரிக்கும் பகுதி) போயிருக்கலாம். பொருந்தாத ரயர்களுடன் ஓடியது அதற்குப் பொதுவான காரணம். நாலு சில்லும் இயங்கும் கார் என்பதால் ரயர்களின் சுற்றளவு வித்தியாசம் 6 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. ஒரு ரயர் வெடித்தாலும் பல வேளை நாலையும் மாற்ற வேண்டி வருவது இதனால்தான்.

பிறகு கந்தளாய் வீதியில் பகல் வேளையில் ஒரு ஓட்டம். இரண்டிலும் மூன்றிலும் கியர் அரைகிறதா, மூன்றில் மட்டும் இரைகிறதா என்று காது கொடுங்கள். இந்தக் கார்களின் ஐந்து கியர் பெட்டி பலவீனமானது, கிளட்சைப் பட்டென்று விட்டுப் பாய விட்டவர்களிடம் உடைந்திருக்கும். (இரவில் வேகச் சோதனை வேண்டாம். அந்தப் பாதையில் யானை, நகருக்குள் மான்.)

கொம்ப்ரெஷன் சோதனைக்கு (ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று அளப்பது) விற்பவர் சம்மதிக்காவிட்டால் வந்த வழியே திரும்புங்கள். என்ஜினைச் சூடாக்கி, நாலு பிளக்கையும் கழற்றி, பெற்றோல் பம்ப் பியூஸை எடுத்து, அக்சிலேட்டரை முழுக்க மிதித்தபடி சுழற்ற வேண்டும். 140 முதல் 170 பிஎஸ்ஐ வரை நல்லது. ஆனால் எண்ணை விட ஒற்றுமை முக்கியம்: மூன்று சிலிண்டர் 155, ஒன்று மட்டும் 125 என்றால் அந்த ஒன்றில் வால்வோ பிஸ்டன் வளையமோ பழுது, அல்லது பிஸ்டன் விளிம்பு உடைந்திருக்கிறது. அதற்குள் ஒரு தேக்கரண்டி ஒயில் ஊற்றி மறுபடி சோதியுங்கள். ஏறினால் வளையப் பக்கம், ஏறாவிட்டால் வால்வுப் பக்கம். ஈஜே சிலிண்டர் படுத்துக் கிடப்பதால் ஊற்றிய ஒயில் ஒரு பக்கமே தங்கும். ஆகவே இதைக் குறிப்பாக மட்டும் எடுங்கள், தீர்ப்பாக எடுக்காதீர்கள்.

படி 5: வாங்கியதும் முதல் மாதம்

டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்பதற்கு பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வையுங்கள். ஈஜேயில் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். பெல்ட், டென்ஷனர், ஐட்லர் புளிகள், வாட்டர் பம்ப் எல்லாம் ஒரே தடவையில். பெல்ட்டை மட்டும் மாற்றிப் பழைய புளியை விட்டால், புளி இறுகிப் புதுப் பெல்ட்டை அறுக்கும்.

ஒயில் ஏறத்தாழ 4 லீற்றர். நம் வெக்கைக்கு 5டபிள்யூ-40 நல்ல தெரிவு, 5,000 கி.மீ.க்குள் மாற்றம். கியர்பெட்டிக்கு 75டபிள்யூ-90, ஜிஎல்-5 தரம், ஏறத்தாழ 3.5 லீற்றர். பின் டிஃபரென்ஷியலுக்கு 0.8 லீற்றர். பிரேக் திரவம் டொட் 4. தெர்மோஸ்டாட்டில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள், மலிவுப் பொருள் போட்டு வெக்கை ஏறி ஹெட் கஸ்கெட் வரை போன கார்கள் ஏராளம். கூலன்ற் மாற்றியபின் காற்றை முழுக்க வெளியேற்றுங்கள். ஹீட்டரைத் திறந்து விட்டு, ரேடியேட்டர் மேலுள்ள காற்றுத் திருகாணியைத் தளர்த்தி, குமிழி நிற்கும் வரை நிரப்ப வேண்டும்.

படி 6: காற்றுக் கசிவுச் சோதனை

முதல் மாதத்தில் இதைப்போல் பலன் தரும் வேலை வேறில்லை, செலவும் சொற்பம். வேண்டியவை: டர்போவின் வாய்க்குப் பொருந்தும் பிவிசி குழாயின் மூடி ஒன்று, பழைய ரியூப்பிலிருந்து வெட்டிய வால்வு, ஒரு ரப்பர் இணைப்பு, இரண்டு கிளிப், சோப்புத் தண்ணீர்.

மூடியின் நடுவில் துளையிட்டு வால்வைப் பொருத்துங்கள். காற்றளவு சென்சருக்குப் பின்னால் வரும் குழாயைக் கழற்றி, டர்போ வாயில் மூடியை இறுக்குங்கள். என்ஜினிலிருந்து மூச்சு விடும் குழாயை அடைத்து விட வேண்டும், இல்லையென்றால் அழுத்தம் ஒயில் தொட்டிக்குள் போய் சீல்களைத் தள்ளிவிடும். ரயர்க் கடைக் கொம்பிரசரில் ரெகுலேட்டர் வைத்து 5 பிஎஸ்ஐயில் தொடங்கி, மெதுவாக 12 வரை ஏற்றுங்கள். அதற்கு மேல் வேண்டாம். இப்போது காது கொடுங்கள். ஸ்ஸ் என்று வரும் இடத்தில் சோப்புத் தண்ணீர் தெளித்தால் நுரை பொங்கும். பெரும்பாலும் இன்டர்கூலரின் கீழ் ரப்பர் வளைவிலோ, வெப்பத்தில் பிளந்த சின்ன வக்கியூம் (வெற்றிட) குழாயிலோதான் இருக்கும். அளந்த காற்று வழியில் ஒழுகினால் கம்ப்யூட்டர் கணக்குப் பிழைத்துப் பெற்றோல் கூடும், டர்போ தேவைக்கு மேல் சுழலும். “கார் முந்தி மாதிரி இழுக்குதில்ல” என்ற குறையில் பாதி இந்தச் சோப்பு நுரையிலேயே தீர்ந்துவிடும்.

படி 7: பலம் கூட்ட முன்னர் வெக்கையும் பெற்றோலும்

ஜப்பானில் உயர்தரப் பெற்றோல் ஒக்டேன் 100. இந்தக் கார்களின் கம்ப்யூட்டர் அதற்கே எழுதப்பட்டது. சீனன்குடாவில் எண்ணெய்க் குதங்கள் வரிசையாக நின்றாலும், நமது பெற்றோல் செட்டில் சாதாரணமாகக் கிடைப்பது 92உம் 95உம்தான். ஒக்டேன் குறைந்தால், பிளக் பற்ற வைத்த தீ வந்து சேர முன்னரே மீதிக் கலவை அழுத்தத்திலும் சூட்டிலும் தானாக வெடிக்கும்; இதுதான் நொக். நொக் சென்சர் அதைக் கேட்டுப் பற்றவைப்பைப் பின்னுக்குத் தள்ளும், ஆனால் அதற்கும் எல்லையுண்டு. எல்லை தாண்டினால் பிஸ்டன் விளிம்பு உடையும்.

அதோடு கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் இன்டர்கூலருக்குள் போகும் காற்றே சுடும். டபிள்யூஆர்எக்ஸில் இன்டர்கூலர் என்ஜினின் தலைமேல் கிடக்கிறது. அநுராதபுரச் சந்தியில் சில நிமிடம் நின்றாலே சூடு குடித்துவிடும். அப்படி நின்று புறப்பட்டதும் முழு மிதி வேண்டாம். ஒரு கிலோமீற்றர் காற்றோடட்டும்.

படி 8: ஏற்றும் ஒழுங்கு

நல்ல ரயர், பிரேக் பட்டைகள் முதலில். அடுத்து அளவுமானிகள்: பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்), ஒயில் அழுத்தம், காற்று-எரிபொருள் விகிதம். முழு மிதியில் அந்த விகிதம் 11 முதல் 11.5 வரை நிற்க வேண்டும். 12க்கு மேல் ஏறினால் உடனே காலை எடுங்கள்.

மூன்றாவதாக பிளக்: ஒரு படி குளிர்ந்தது (சூட்டைச் சீக்கிரம் கடத்தும் வகை), என்ஜிகேயில் 6 இலிருந்து 7, டென்சோவில் 20 இலிருந்து 22. இடைவெளி 0.7 மி.மீ. பெற்றோல் பம்ப் பழையதென்றால் அதுவும் இப்போதே.

அதன் பிறகுதான் டவுன்பைப்பும் (டர்போவிலிருந்து புகையை எடுத்துச் செல்லும் குழாய்) ட்யூனும் (கம்ப்யூட்டர் கணக்கைத் திருத்தி எழுதுவது), இரண்டும் ஒரே வாரத்தில். ட்யூன் இல்லாமல் டவுன்பைப்பை மட்டும் போட்டால் புகைவழி இலகுவாகி, டர்போ கட்டுப்பாட்டை மீறிப் பூஸ்ட் ஏற்றும். வெறும் சத்தத்துக்காக வெளியே ஊதும் புளோ-ஒஃப் வால்வ் வாங்க நினைப்பவர்கள் அந்தக் காசை ஒயிலுக்கு வைக்கலாம். கம்ப்யூட்டர் ஏற்கெனவே அளந்து பெற்றோல் ஒதுக்கிய காற்றை அது வெளியே விடுவதால், கியர் மாற்றும் ஒவ்வொரு தடவையும் கலவை கொழுத்து என்ஜின் தடுமாறும். கட்டலிட்டிக் கொன்வெர்ட்டரை வெட்டி எறிந்தால் வருடாந்தப் புகைப் பரிசோதனை நினைவுக்கு வரட்டும். அந்தச் சான்றிதழ் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க முடியாது.

ட்யூனரிடம் காரை விடும்போது செட்டில் நீங்கள் வழக்கமாக அடிக்கும் அதே 95ஐத் தாங்கி நிறைய அடித்துக்கொண்டு போங்கள், “95க்கு எழுதுங்கள், கொஞ்சம் குறைத்தே எழுதுங்கள்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். டைனோத் தாளில் (பலத்தை அளக்கும் இயந்திரம் தரும் தாள்) 15 குதிரை குறையும், போகட்டும். பிறகு எப்போதாவது 92 மட்டுமே கிடைத்தால், அந்தத் தாங்கி முடியும் வரை அளவுமானியில் பூஸ்ட் பக்கம் முள் ஏறாமல் ஓட்டி, அடுத்த செட்டில் 95 அடியுங்கள்.