‘பெயின் இல்லை, கேஸ்தான்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்: புதிதாக வந்தவர்களுக்கு

வெளிநாட்டில் வந்து இறங்கியதும் ஒரு குடும்ப டாக்டரிடம் பெயரைப் பதிந்துவிடுங்கள். அடையாள அட்டை, முகவரிச் சான்று, காப்பீடு இருந்தால் அதன் எண், பெரும்பாலும் இவ்வளவுதான் கேட்பார்கள். ஆம்புலன்ஸ் எண் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடமாக இருக்கட்டும்: அமெரிக்கா, கனடாவில் 911, பிரிட்டனில் 999, ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க 112, ஆஸ்திரேலியாவில் 000, சிங்கப்பூரில் 995. கொண்டுவந்த மாத்திரைகளின் மூலப்பெயரையும் மில்லிகிராம் அளவையும் ஒரு தாளில் எழுதிப் பர்ஸில் வையுங்கள். நம் பிராண்டு பெயர்கள் இங்கே பலருக்குத் தெரியாது.

அடுத்தது எண்கள். நமக்கு ஜுரம் என்றால் 102. அமெரிக்காவைத் தவிர ஏறக்குறைய எல்லா நாட்டிலும் செல்சியஸ்தான், அதே ஜுரம் 38.9 ஆகிவிடும். 38ஐத் தொட்டாலே ஜுரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரையில் குழப்பம் இன்னும் பெரிது. பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியாவில் மில்லிமோல் கணக்கு. ‘சுகர் 10’ என்றதும் பதறவும் வேண்டாம், குறைவாக இருக்கிறதே என்று நிம்மதி அடையவும் வேண்டாம். 18ஆல் பெருக்கினால் நம் கணக்கு வந்துவிடும், அதாவது 180.

பிரஷர் விஷயத்தில் ‘நார்மல்’ என்று சொன்னால் ஏற்காதீர்கள், மேல் எண், கீழ் எண் இரண்டையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 2017 முதல் அமெரிக்காவில் 130/80 தொட்டாலே உயர் ரத்த அழுத்தம். பிரிட்டனில் கிளினிக்கில் 140/90, வீட்டில் பார்த்தால் 135/85. நாடு மாறினால் உங்கள் பெயருக்கு நேரே எழுதும் நோயும் மாறலாம். அளக்கும் முன் ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காருங்கள், இரண்டு பாதமும் தரையில் படட்டும், பட்டையைச் சட்டைக்கு மேல் சுற்ற விடாதீர்கள், அந்த நேரத்தில் பேசாதீர்கள். டாக்டரைக் கண்டாலே ஏறும் பிரஷர் சிலருக்கு உண்டு. அதற்காக 24 மணி நேரம் கையில் கட்டி அனுப்பும் கருவி இருக்கிறது, தயங்காமல் கேளுங்கள். ஈசிஜியை அமெரிக்காவில் ஈகேஜி என்பார்கள். ஜெர்மன் எழுத்துக்கூட்டலிலிருந்து வந்த பெயர், சோதனை ஒன்றேதான்.

இனி நான் எழுத உட்கார்ந்த காரணம். அக்கா வீட்டுக்காரர், எங்கள் அத்தான், சர்க்கரை உள்ளவர். ஒரு ராத்திரி நெஞ்சில் அம்மிக்கல்லை ஏற்றி வைத்த மாதிரி அழுத்தம், சட்டை நனைய வியர்வை. அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துக்கொண்டு ஓடினோம். வருபவர்களை அவசரத்துக்குத் தக்கபடி வரிசைப்படுத்தும் நர்ஸ், ‘எனி பெயின்?’ என்று கேட்டார். அத்தான், ‘நோ பெயின், ஒன்லி கேஸ்’ என்றார். வலி இல்லைதான், பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு வரியோடு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். கையில் கட்டுப் போட்டவர்களெல்லாம் எங்களைத் தாண்டி உள்ளே போனார்கள். அக்கா கண்ணாடித் தடுப்புக்குப் போய்க் கேட்ட போதெல்லாம், ‘உங்கள் முறை வரும்’ என்ற பதில்தான். வெகுநேரம் கழித்து எடுத்த ஈசிஜியில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது முறை ரத்தம் எடுத்தபோது ட்ரோபோனின், அதாவது இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் கூடும் புரதம், ஏறியிருந்தது. விடிவதற்குள் ஸ்டென்ட் வைத்தார்கள்.

பிறகு மருத்துவப் பதிவின் நகலை வாங்கிப் பார்த்தோம். வலி மதிப்பெண் என்ற கட்டத்தில் ‘0’. பக்கத்திலேயே, ‘வயிற்றில் வாயு என்கிறார்’ என்று எழுதியிருந்தது. அதே தாளில் இரண்டு வரி மேலே சர்க்கரை நோயும் குறிக்கப்பட்டிருந்தது. வியர்த்துக் கொட்டும் மனிதரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்திருக்கலாம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நெஞ்சு வலி என்று வருபவருக்கு 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது அமெரிக்க இதய மருத்துவ அமைப்புகளின் நெறிமுறை. அந்தக் கதவைத் திறப்பது ‘செஸ்ட்’ என்ற சொல். வலி இருக்கிறதோ இல்லையோ, வாயைத் திறந்ததும் அதைச் சொல்லுங்கள்: ‘செஸ்ட் ப்ரெஷர்’, ‘செஸ்ட் டைட்னஸ்’. எத்தனை மணிக்குத் தொடங்கியது, தாடைக்கோ இடது கைக்கோ முதுகுக்கோ பரவுகிறதா, வியர்க்கிறதா, நடந்தால் கூடி உட்கார்ந்தால் குறைகிறதா என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். ‘கேஸ்’ என்று நாமே நோய்க்குப் பெயர் வைக்க வேண்டாம். சர்க்கரை உள்ளவர்கள், பெண்கள், வயதானவர்களுக்கு மாரடைப்பு வலியே இல்லாமல், மூச்சுத் திணறலும் குமட்டலும் அசதியுமாகவும் வரும். முதல் ஈசிஜியும் முதல் ரத்தப் பரிசோதனையும் சரியாக இருந்தாலே எழுந்து வந்துவிடாதீர்கள். ட்ரோபோனின் ஏறுவதற்குச் சில மணி நேரம் ஆகலாம், அதனால்தான் இரண்டாம் முறை எடுக்கிறார்கள்.

‘படபடப்பு’ என்பதைப் பதற்றம் என்று மொழிபெயர்த்தால் மனநல ஆலோசனையோடு அனுப்பிவிடுவார்கள். இதயம்தான் வேகமாகவோ தாளம் தப்பியோ அடிக்கிறது என்றால் ‘பால்பிட்டேஷன்ஸ்’ என்று சொல்லி, எப்படி அடித்தது என்று மேசையில் விரலால் தட்டிக் காட்டுங்கள். டாக்டர்களே அப்படிக் கேட்பதுண்டு. மயக்கம் என்றாலும் பிரித்துச் சொல்லுங்கள்: அறை சுற்றியதா, எழுந்தபோது கண் இருட்டியதா, நினைவே தப்பி விழுந்தீர்களா? நினைவு தப்பியதை மட்டும் மறைக்கவே கூடாது.

எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள் என்று கேட்பார்கள். நீட்டிப் படுத்தால் மூச்சு முட்டுகிறதா என்று அறியத்தான் கேட்கிறார்கள், இதயம் பலவீனமானால் அப்படி ஆகும். கணுக்காலைக் கட்டை விரலால் அழுத்திக் குழி விழுகிறதா என்று பார்ப்பதும், பாதி சாய்த்துப் படுக்க வைத்துக் கழுத்து ரத்தக் குழாயை உற்றுப் பார்ப்பதும் அதற்காகத்தான். வீரியத்துக்காக மாத்திரை எடுத்தீர்களா என்று ஆண்களிடம் கேட்பார்கள். மனைவியோ மாமனாரோ பக்கத்தில் இருந்தாலும் உண்மையைச் சொல்லிவிடுங்கள். அதோடு நெஞ்சு வலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையும் சேர்ந்தால் பிரஷர் அபாயமாக இறங்கிவிடும்.

குடும்பத்தில் யாருக்காவது இதய நோய் உண்டா என்ற கேள்விக்குப் பெரியப்பா, சித்தப்பா கதையெல்லாம் பிறகு. பெற்றோர், உடன்பிறந்தவர்களில் ஆண் 55 வயதுக்கு முன்போ, பெண் 65க்கு முன்போ பாதிக்கப்பட்டிருந்தால் முதலில் அதைச் சொல்லுங்கள். ‘சவுத் ஏஷியன்’ என்பதையும் பதியச் சொல்லுங்கள். 2018 அமெரிக்கக் கொலஸ்ட்ரால் நெறிமுறை நம் வம்சாவளியையே ஆபத்தைக் கூட்டும் காரணிகளில் ஒன்றாக வைத்திருக்கிறது.

விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியை முழுக்க நம்பாதீர்கள். கருத்த தோலில் அது உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பது 2020 ஆய்வுக்குப் பிறகு பரவலாகப் பேசப்பட்டது. விரல் சில்லிட்டிருந்தாலும் நகப்பூச்சு இருந்தாலும் அளவு பிசகும். 96 என்று காட்டியும் மூச்சு வாங்கினால் மூச்சு வாங்குவதைத்தான் சொல்ல வேண்டும்.

ஆங்கிலம் வராத அப்பா அம்மாவுக்குப் பேரப் பிள்ளையை மொழிபெயர்க்க விடாதீர்கள். ‘டமில் இன்டர்ப்ரெட்டர் ப்ளீஸ்’ என்று கேளுங்கள். பல நாடுகளின் மருத்துவமனைகளில் தொலைபேசி வழியாக இலவசமாகவே ஏற்பாடு செய்வார்கள். இலங்கைத் தமிழா, இந்தியத் தமிழா என்பதையும் சேர்த்துச் சொன்னால் பேச்சு சீக்கிரம் பிடிபடும்.