மண்ணில் கிடைத்த வணிகர் டோக்கன்: அடையாளம் காண்பதிலும் விலை மதிப்பதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தின் உழவு நிலங்களில் மெட்டல் டிடெக்டரோடு நடப்பவர்களுக்கு அகப்படும் செப்பு, பித்தளைத் துண்டுகளில் 17ஆம் நூற்றாண்டு வணிகர் டோக்கன்களும் உண்டு. உள்நாட்டுப் போரின்போது, 1644இல், அரச உரிமம் பெற்ற ஃபார்திங் (கால் பென்னி) காசுகள் நிறுத்தப்பட்டதால் கடைத்தெருவில் சில்லறைக்குத் தட்டுப்பாடு வந்தது. அதைச் சமாளிக்க, 1648 வாக்கில் தொடங்கி, மன்னர் இரண்டாம் சார்லஸ் 1672இல் அரசின் செப்புக் காசுகளை வெளியிட்டுத் தடை விதிக்கும் வரை, மளிகைக்காரர்களும் விடுதிக்காரர்களும் மெழுகுவர்த்தி செய்பவர்களும் தங்கள் பெயரிலேயே ஃபார்திங், அரைப்பென்னி டோக்கன்களை அடித்துப் புழங்கவிட்டனர்.

இவற்றோடு அதிகம் குழப்பிக்கொள்ளப்படுவது ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில் செய்யப்பட்ட ஜெட்டன். அது காசே அல்ல. கணக்குப் பலகையில் நகர்த்துவதற்கான மெல்லிய பித்தளை வில்லை. விளிம்பில் ஹான்ஸ் க்ரௌவின்கல் என்ற பெயரைப் படித்தவுடன் ஏதோ ஓர் ஆங்கிலக் கடைக்காரர் என்று முடிவுகட்டுபவர்கள் உண்டு. அவர் ஜெட்டன் செய்த கைவினைஞர். நடுவில் ரோஜாவும் அதைச் சுற்றி மகுடங்களும் லில்லிப் பூக்களும் மாறிமாறி வந்து, மறுபுறம் சிலுவை தாங்கிய உருண்டை இருந்தால், அது ஜெட்டன் என்றே கொள்ளலாம்.

டோக்கனின் நடுவில் முக்கோணமாக அமைந்த மூன்று எழுத்துகளை ஒரே மனிதரின் முதலெழுத்துகளாகப் படிப்பது அடுத்த பிழை. மேலே எஸ், கீழே இடப்பக்கம் ஐ, வலப்பக்கம் எம் என்று இருந்தால், மேலெழுத்து குடும்பப் பெயரையும், இடப்பக்கத்து எழுத்து கணவரையும், வலப்பக்கத்து எழுத்து மனைவியையும் குறிக்கும். அக்காலத்தில் ஜே என்ற எழுத்துக்கும் ஐ என்பதையே பொறித்ததால், அந்தக் கணவர் ஜானாகவோ ஜேம்ஸாகவோ இருக்கலாம். எம் என்பது மேரியாக இருக்கலாம். கடையை நடத்தியது கணவனும் மனைவியும் சேர்ந்துதான் என்பதை இத்தனை சிறிய செப்பு வில்லை சொல்லிவிடுவது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. தேவாலயத்தின் திருமணப் பதிவேட்டில் அந்த இணையைத் தேடிக் கண்டுபிடிக்கவும் இந்த மூன்று எழுத்துகளே வழிகாட்டும்.

ஊர்ப்பெயரிலும் அவசரம் கூடாது. நியூபோர்ட் என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட கவுண்டிகளில் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதிகளில்) ஊர்கள் உள்ளன. எழுத்துக்கூட்டலும் அன்று நிலைபெறவில்லை. பென்னி என்ற சொல்லையே ஒற்றை என் எழுத்தோடு பொறித்த டோக்கன்கள் ஏராளம். ஆகவே பெயர், ஊர், தொழிற்சின்னம் மூன்றும் ஒத்துவந்த பிறகே முடிவு செய்ய வேண்டும். இருபுறமும் கிராம்பு சூழ்ந்த கூரை வடிவக் கோடு மளிகை வணிகர் சங்கத்தின் சின்னம். கூம்பு வடிவச் சர்க்கரைக் கட்டியும் பெரும்பாலும் மளிகைக் கடையையே காட்டும்.

எல்லாவற்றிலும் கொடிய தவறு, குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்குவதுபோல் டோக்கனையும் துலக்கிவிடுவது. மண்ணில் கிடந்த செம்பின் மேல் படிந்த மெல்லிய பச்சைப் படலத்திலேயே பல சமயம் எழுத்துகளின் விளிம்பு தங்கியிருக்கிறது. அமிலம் பட்டால் படலத்தோடு எழுத்தும் போய்விடும், விலையும் போய்விடும். காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, மண்ணை மட்டும் மென்மையாக அகற்றிவிட்டு, இருட்டறையில் டார்ச்சைத் தாழ்வாகச் சாய்த்துப் பிடித்தால், நேர் வெளிச்சத்தில் வெறுமையாகத் தெரிந்த பரப்பில் 1667 போன்ற ஆண்டு நிழலாக எழுந்து வரும்.

விலையைப் பொறுத்தவரை, பழமை அதிகமென்றால் மதிப்பும் அதிகம் என்ற எண்ணம் ஏமாற்றத்தையே தரும். ஏனெனில் வாங்குவோர் பலர் தங்கள் ஊரின் டோக்கன்களைத் தேடுகிறவர்கள். பல கடைக்காரர்கள் வெளியிட்ட பெருநகரத்தின் தேய்ந்த ஃபார்திங்கைவிட, ஒரேயொருவர் வெளியிட்ட சிற்றூரின் அரைப்பென்னிக்குப் போட்டி கூடலாம். இதய வடிவமும் எண்கோண வடிவமும் மேலும் விரும்பப்படுபவை. விற்பவர் கேட்கும் தொகையை விலையாகக் கொள்ளாமல், அதே வகை, அதே நிலையில் ஏலத்தில் விற்று முடிந்த தொகையைப் பார்க்க வேண்டும்.

டோக்கன் காசல்ல, சட்டம் தொடாது என்று நினைப்பதும் தவறு. 1996ஆம் ஆண்டின் புதையல் சட்டம், பணத்துக்குப் பதிலாகப் புழங்கிய உலோக டோக்கனையும் காசாகவே கருதுகிறது. தனியாகக் கிடைத்த ஒன்று பொதுவாகப் புதையலாகாது. ஆனால் 300 ஆண்டுகளுக்கு மேற்பட்ட செப்பு டோக்கன்கள் பத்தோ அதற்கு மேலோ ஒரே புதையலாகக் கிடைத்தால் 14 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். நில உரிமையாளரின் அனுமதி எப்போதும் தேவை. தனி டோக்கனையும், மண்ணில் கிடைக்கும் தொல்பொருள்களைப் பதிவு செய்யும் அலுவலரிடம் காட்டுவது நல்லது. கிடைத்த வயலின் பெயரை உறையின் மேல் எழுதாமல் எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் போட்டுவிட்டால், தன் ஊரை விட்டு அந்த டோக்கன் எவ்வளவு தொலைவு பயணித்தது என்பதைப் பிறகு யாராலும் சொல்ல முடியாது.