வீடு விக்கப் போறீங்களா? விலைய வாய்விட்டு சொல்றதுக்கு முன்னாடி இதப் படிங்க

சென்னைல பழைய ஃபிளாட் விக்கிறவங்க முக்கால்வாசி பேரு வெப்சைட்ல பக்கத்து அபார்ட்மெண்ட் விளம்பரத்தப் பாத்துட்டுதான் ரேட் சொல்றாங்க. அது அவங்க கேக்குற விலை, வித்த விலை இல்ல. அந்த வீடு ஆறு மாசமா அப்படியே கிடக்குதான்னு யாருக்குத் தெரியும்?

முதல்ல உங்க பத்திரத்த எடுத்து யூடிஎஸ், அதாவது அபார்ட்மெண்ட் நிக்கிற மனையில உங்க பங்கு எத்தன சதுர அடின்னு பாருங்க, ஏன்னா பழைய ஃபிளாட்டுக்கு மதிப்பே அந்த மண்ணுலதான் இருக்கு. கணக்கு இப்படி போடுங்க. 1000 சதுர அடி ஃபிளாட், யூடிஎஸ் 500, கட்டி 15 வருஷம் ஆச்சு, அந்தத் தெருவுல மனை ரேட் சதுர அடி 8000னு வச்சுக்கோங்க. மண்ணுக்கு 40 லட்சம். கட்டடம் இன்னைக்கு புதுசா கட்ட சதுர அடிக்கு 2400னா 24 லட்சம், ஆயுசு 60 வருஷம்னு வச்சு 15 வருஷத் தேய்மானம் கால்வாசி கழிச்சா 18. மொத்தம் 58 லட்சம். கார் பார்க்கிங், லிஃப்ட், தண்ணி வசதிய வச்சு கொஞ்சம் மேல கீழ போகும். மாடுலர் கிச்சனுக்கு நாலு லட்சம் செலவு பண்ணேன்னு அத அப்படியே ஏத்தாதீங்க, வர்றவங்க அத இடிச்சுட்டு வேற போடலாம்.

அப்புறம் பதிவுத்துறை வெப்சைட்ல உங்க தெருவோட கைட்லைன் வேல்யூவையும், அதாவது பத்திரப்பதிவுக்கு அரசு வச்சிருக்குற மதிப்பையும் பாத்துக்கோங்க. 2024 ஜூலைல மாத்தினாங்க, பழைய நம்பர வச்சுப் பேசாதீங்க. அது அடிமட்டம்தான், மார்க்கெட் ரேட் இல்ல. ரெண்டு மூணு புரோக்கர்கிட்ட "சார், போன ஆறு மாசத்துல இந்தத் தெருவுல என்ன ரேட்ல முடிஞ்சுது?"ன்னு கேளுங்க, என்ன ரேட் போகும்னு கேக்காதீங்க, அதுக்கு உங்க மனசு குளிர்ற மாதிரி ஒரு நம்பர்தான் வரும்.

இப்ப பலரும் கவனிக்காத விஷயம், வாங்குறவரோட பேங்க். நீங்க 70 சொல்றீங்க, பேங்க் சார்பா வீட்டுக்கு மதிப்பு போடுற வேல்யூவர் வந்து 60 லட்சம்னு எழுதிட்டாருன்னா லோன் அந்த 60ல அதிகபட்சம் 80 சதவீதம், அதாவது 48 லட்சம். மீதி 22 லட்சம் அவரு கையிலேர்ந்து போடணும், பத்திரத்துல 70 காட்டினா முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம்னு 9 சதவீதம், இன்னும் 6.3 லட்சம். மாசச் சம்பளக் குடும்பம் அங்கயே பின்வாங்கிடும், அட்வான்ஸ் குடுத்தப்புறம் இப்படி ஆனா ரெண்டு பேருக்கும் மனக்கஷ்டம். மீதிய கறுப்புல வாங்கிக்கலாம்னு மட்டும் நினைக்காதீங்க, சொத்து வித்த பணத்துல 20,000 ரூபாயோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கினாலே வருமான வரிச் சட்டப்படி அபராதம் வரும்.

உங்க கணக்கு 58ன்னா 61 சொல்லுங்க, பேரம் பேச அந்த இடைவெளி போதும். 75 சொல்லிட்டு அப்புறம் இறங்கிக்கலாம்னா விளம்பரம் போட்ட புதுசுல நிஜமா தேடிட்டு இருக்குறவங்க உங்க வீட்டுப் பக்கமே வரமாட்டாங்க.

வீட்ட எல்லாரும் ஒரு தடவ பாத்துட்டுப் போறாங்க, ரெண்டாவது தடவ யாருமே குடும்பத்தோட வரலன்னா விலை ஜாஸ்தின்னு அர்த்தம். அப்ப 25,000, 50,000ன்னு இழுத்து இழுத்துக் குறைக்காம, வீட்ல பேசி முடிவு பண்ணி ஒரே தடவையா ரெண்டு லட்சம் இறக்கி, எல்லா புரோக்கருக்கும் அன்னைக்கே சொல்லிடுங்க.