ஊருக்குப் போய்த் திரும்பினால் தாய்லாந்தில் செய்ய வேண்டிய முகவரிப் பதிவு

நான் காரைக்கால்காரன். கப்பல் எஞ்சின் அறையில் முப்பது வருடம் வெந்துவிட்டு, இப்போது ஹுவா ஹின்னில் வாடகை வீட்டில் மனைவியோடு ஓய்வுக்கால விசா நீட்டிப்பில் இருக்கிறேன். வருடத்துக்கு ஒரு தடவை சென்னையில் மகள் வீட்டுக்குப் போய் வருவோம். திரும்பியதும் பெட்டியைப் பிரிக்கும் முன் பார்க்கிற வேலை இது.

குடிநுழைவு (இமிகிரேஷன்) அலுவலகத்தின் டிஎம் 30, டிஎம் 47 படிவங்கள் இரண்டையும் ஒன்று என்று நினைத்துத்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். 'இந்த வெளிநாட்டவர் என் வீட்டில் தங்கியிருக்கிறார்' என்று வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் சொல்வது 30. 90 நாள் தொடர்ந்து இருந்தபின் 'இன்னும் இங்கேதான் இருக்கிறேன்' என்று நாமே சொல்வது 47. முதலாவது வீட்டுக்காரர் கடமை என்று சட்டம் சொன்னாலும், அது பதிவாகாமல் விசா நீட்டிக்கப் போனால் கவுன்டரில் கைபிசைந்து நிற்பது நாம்தான்.

விமானம் ஏறும் முன் ஒன்று. மறுநுழைவு அனுமதி வாங்காமல் நாட்டை விட்டுப் போனால் விசா நீட்டிப்பு அங்கேயே செத்துப்போகும். ஒரு தடவைக்கு 1,000 பாட், பல தடவைக்கு 3,800 பாட். பாங்காக்கில் இறங்கியதும் அதிகாரி குத்தும் முத்திரையில், உங்கள் நீட்டிப்பு முடியும் தேதிதான் இருக்கிறதா என்று அந்த இடத்திலேயே பாருங்கள். சுற்றுலாப் பயணி என்று நினைத்து வேறு தேதி போட்டிருந்தால் நகராமல் சொல்லித் திருத்தி வாங்குங்கள். வெளியே வந்துவிட்டால் அலைச்சல்தான்.

சரி, வீட்டுக்கு வந்தாச்சு. மறுபடி டிஎம் 30 வேண்டுமா? 2020 ஜூன் கடைசியில் விதியைத் தளர்த்தினார்கள். மறுநுழைவு அனுமதியோடு போய், ஏற்கெனவே பதிவான அதே வீட்டுக்குத் திரும்பினால் புதிதாகக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் இதை எல்லா அலுவலகமும் ஒரே மாதிரி நடத்துவதில்லை. நான் எப்படியும் கொடுத்துவிடுவேன். காரணம் என் அனுபவம்.

ஒரு தடவை விடியற்காலை விமானத்தில் வந்து இறங்கினோம். மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டுப் போகலாம் என்று மனைவி சொன்னதால், சீலோம் சாலைக் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டலில் ராத்தங்கிவிட்டு மறுநாள் ஹுவா ஹின் வந்தோம். ஓட்டல்காரர் தன் கடமைப்படி எங்கள் பெயரைப் பதிவு செய்திருக்கிறார். இரண்டு மாதம் கழித்து நீட்டிப்புக்குப் போனால், கம்ப்யூட்டரில் எங்கள் கடைசி முகவரி சீலோம்! புது டிஎம் 30 கொண்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். வழியில் எங்காவது தங்கினால், வீடு வந்ததும் மறுபடி பதிவு செய்துவிடுங்கள்.

வருகைக்கு முன் மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்பும் டிஜிட்டல் வருகை அட்டை 2025 மே 1 முதல் வந்திருக்கிறது. அதிலும் முகவரி கேட்கிறது. 'அங்கேயே எழுதிவிட்டேனே' என்று ஒரு நண்பர் நிம்மதியாக இருந்தார். அதற்கும் டிஎம் 30க்கும் சம்பந்தமில்லை. அந்த அட்டை இலவசம். காசு கேட்கும் தளம் அரசுத் தளம் இல்லை.

டிஎம் 30 கொடுக்க நேரில் போவதானால் பாஸ்போர்ட்டில் போட்டோ பக்கம், நீட்டிப்பு, மறுநுழைவு அனுமதி, கடைசி வருகை முத்திரை எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ். கூடவே வாடகை ஒப்பந்தம், வீட்டுக்காரரின் அடையாள அட்டை நகல், 'தபியன் பான்' என்கிற வீட்டுப் பதிவேட்டின் நகல். அவர் நகலில் அவர் கையெழுத்து, நம் நகலில் நம் கையெழுத்து. படிவத்தில் 2568 என்று ஆண்டு இருந்தால் பயப்படாதீர்கள், அது தாய்லாந்தின் புத்த ஆண்டு, 543ஐக் கழித்தால் 2025. டுக்டுக்காரரிடம் 'இமிகிரேஷன்' என்றால் விழிப்பார். 'தொ மொ' என்றால் நேரே கொண்டுபோய் விடுவார்.

இனி டிஎம் 47க்கான 90 நாள் கணக்கு. நாட்டை விட்டு வெளியேறியதும் பழைய கணக்கு முடிந்தது. பழைய ரசீதில் உள்ள தேதியை மறந்துவிடுங்கள். திரும்பி வந்த நாள்தான் புதுக் கணக்கின் முதல் நாள். 2025 ஜனவரி 10 வந்திறங்கினால் 90ஆம் நாள் ஏப்ரல் 9. நேரில் என்றால் 15 நாள் முன்னாலிருந்து 7 நாள் பின்னால் வரை, அதாவது மார்ச் 25 முதல் ஏப்ரல் 16 வரை போகலாம். இணையத்தில் அந்தச் சலுகை கிடையாது. 7 நாள் முன்பே, ஏப்ரல் 2இலேயே கதவு மூடிவிடும். தாமதமாகத் தானாகப் போனால் அபராதம் 2,000 பாட். ஊரில் பாஸ்போர்ட் புதுப்பித்துக்கொண்டு வந்தவர்கள் முதல் தடவை நேரில்தான் போக வேண்டும்.

எங்கள் வீட்டுச் சொந்தக்கார அம்மா என்னைவிட இரண்டு வயது மூத்தவர், தாய்லாந்து மொழியில் மூத்தவர்களை அழைக்கும் 'பீ' என்ற சொல்லால்தான் கூப்பிடுவேன். டிஎம் 30 இணையக் கணக்கை அவர் பெயரில் ஒருமுறை உட்கார்ந்து திறந்துகொடுத்தேன். இப்போதெல்லாம் நான் சென்னையிலிருந்து கொண்டுவரும் கை முறுக்கை அவர் கடித்துக்கொண்டிருக்கும்போதே, அவர் போனில் நானே பதிவு செய்து, ரசீதை என் போனுக்கு அனுப்பிக்கொள்கிறேன்.