திமிங்கலச் சுறாவும் பிளாங்டன் பருவமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தான்சானியாவின் மாஃபியாத் தீவில், அக்டோபர் முதல் பிப்ரவரி வரை, திமிங்கலச் சுறாக்கள் கரைக்குப் பக்கத்திலேயே வாயைத் திறந்தபடி, நீரில் மிதக்கும் சிற்றுயிர்களான பிளாங்டனை மேய்ந்துகொண்டிருக்கும். அதன் பிறகு கண்ணில் படுவது அரிது. சுறாவையும் இரையையும் கவனித்துக் குறிப்பெடுக்கும் நாம் உடனே ஒரு கணக்குப் போட்டுவிடுகிறோம்: இரை தீர்ந்தது, சுறா கிளம்பிவிட்டது.

முதல் தவறு இதுதான். அங்கே சுறாக்களின் உடலில் ஒலி எழுப்பும் சிறு கருவிகளைப் பொருத்தி, அந்த ஒலியைப் பிடிக்கும் கருவிகளைக் கடலுக்குள் வைத்துப் பார்த்தார்கள். சுறாவே தென்படாத மாதங்களிலும் பதிவு வந்துகொண்டே இருந்தது. கரையை விட்டுச் சற்று விலகி, ஆழத்துக்கு இறங்கி, அங்கங்கே பிரிந்து திரிந்தன, அவ்வளவுதான். ஆகவே குறிப்பேட்டில் "பார்க்கவில்லை" என்று எழுதுங்கள். "இல்லை" என்று எழுதாதீர்கள். சுறா இல்லாத மாதம்தானே என்று மீன்பிடி வலைக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினால், அங்கேயே இருக்கும் சுறாதான் வலையில் மாட்டும்.

அடுத்தது, பச்சையாகத் தெரியும் கடலெல்லாம் சுறாவுக்குச் சாப்பாடு என்று நினைப்பது. செயற்கைக்கோள் படத்தில் தெரியும் பச்சையம் தாவர மிதவைகள் எனப்படும் நுண்ணிய பாசிகளுடையது. மாஃபியாவில் சுறா முக்கியமாகத் தின்பது லூசிஃபர் என்ற கண்ணாடி போன்ற குட்டி இறாலை. நம் சென்னாக்கூனிக்குத் தூரத்துச் சொந்தம். பாசி பெருகி, அதைத் தின்று இந்த விலங்குகள் பெருகுவதற்கு நாள் பிடிக்கும். அதற்குள் நீரோட்டம் அவற்றை வேறெங்காவது கொண்டுபோயிருக்கலாம்.

மெக்சிகோவின் யுகட்டான் கடல் இதற்கு நல்ல பாடம். கோடையில் கரையோரப் பச்சை நீரில் சுறாக்கள் இறால் வகைகளையும் கோப்பிபாடுகள் என்ற நுண்ணிய மிதவை விலங்குகளையும் தின்கின்றன. ஆனால் 2009 ஆகஸ்டில் விமானத்திலிருந்து ஒரே இடத்தில் 420 சுறாக்களை எண்ணினார்களே, அது வெளிக்கடலின் தெளிந்த நீல நீர்! அங்கே மிதந்தவை சூரை இன மீன் ஒன்றின் முட்டைகள். பச்சையை மட்டும் தேடியிருந்தால் அந்தக் கூட்டம் முழுவதையும் தவறவிட்டிருப்போம்.

அந்த முட்டை ஒன்று ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். சுறாவின் வடிகட்டித் துளைகளோ சராசரியாக 1.2 மில்லிமீட்டர். துளையைவிடச் சிறியது எப்படித் தங்கும், இது இரையே அல்ல என்று ஒதுக்கிவிடாதீர்கள். அந்த வடிகட்டி மாவு சலிக்கும் சல்லடை மாதிரி வேலை செய்வதில்லை. தண்ணீர் துளைகள் வழியே பக்கவாட்டில் வெளியேற, இரை மட்டும் வடிகட்டியின் மேலேயே நழுவித் தொண்டைக்குப் போய்ச் சேர்கிறது.

இரையை அளக்கப் பிளாங்டன் வலை இழுப்பதிலும் கவனம் வேண்டும். விரிகுடா முழுக்க இழுத்துச் சராசரி போட்டால், சுறா தேடிவந்த அந்த அடர்ந்த திட்டு கணக்கில் கரைந்துபோகும். சுறா வாய் திறந்திருக்கும் இடத்தில் ஒரு இழுப்பு, அது இல்லாத இடத்தில் இன்னொன்று, இரண்டும் அதே நாளில், அதே நேரத்தில். அப்போதுதான் ஒப்பிட முடியும்.

அப்புறம், காலண்டர். ஆஸ்திரேலியாவின் நிங்கலூ பவளத்திட்டில் பவளங்கள் முட்டையிடுவது மார்ச் அல்லது ஏப்ரல் பௌர்ணமி கழிந்து ஒரு வாரம், பத்து நாளில். தேதி ஆண்டுக்கு ஆண்டு நகரும். அதனால் சென்ற ஆண்டுத் தேதியோடு மட்டும் ஒப்பிடாமல், பௌர்ணமியிலிருந்து எத்தனையாம் நாள் என்பதையும் குறித்துவையுங்கள். சுறா அங்கே வருவதற்குப் பவள முட்டையே முழுக் காரணம் என்றும் முடிவுகட்ட வேண்டாம். அது முடிந்து வெகு நாள் கழித்தும், ஜூலை வரை, சுறாக்கள் அங்கே கிரில் என்ற இறால் போன்ற சிற்றுயிரைத் தின்றுகொண்டிருக்கின்றன.