தின்னர் பீப்பாயை என்ன செய்வது?

கொட்டாஞ்சேனையில் எங்கள் அச்சகம். பின்பக்கம் மை கலந்த பழைய தின்னர் நான்கு பீப்பாய் நிற்கிறது. "கானில் ஊற்றிவிடு தம்பி" என்பார்கள். ஊற்றாதீர்கள்.

1. கலக்காதீர்கள். பாதி வேலை இதுதான். முலாம் பூசும் பட்டறையில் சயனைட் கழிவோடு அமிலம் சேர்ந்தால் ஆளைக் கொல்லும் வாயு கிளம்பும். நைத்திரிக் அமிலம் தின்னரோடு சேர்ந்தால் தீப்பிடிக்கலாம், வெடிக்கவும் கூடும். 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் எரிந்த எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலில் 25 தொன் நைத்திரிக் அமிலம் இருந்தது, அதில் ஒரு கொள்கலன் முன்பே கசிந்துகொண்டிருந்தது.

2. மூடி, லேபல், திகதி. கூரைக்குக் கீழே, சீமெந்துத் தரையில், சுற்றிவர வரம்பு கட்டி வையுங்கள். பெரிய பீப்பாய் முழுதாகக் கொட்டினாலும் வரம்புக்குள்ளேயே நிற்க வேண்டும்.

3. அனுமதிப்பத்திரம். 2008ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின்படி, அட்டவணைப்படுத்தப்பட்ட கழிவை (ஆபத்தானதென்று பட்டியலிட்ட கழிவை) உண்டாக்குபவர், ஏற்றிச் செல்பவர், அழிப்பவர் எல்லோருக்கும் அது வேண்டும். பத்தரமுல்லையிலுள்ள மத்திய சுற்றாடல் அதிகாரசபையில் விசாரியுங்கள். மலிவாக எடுக்கிறேன் என்று லொறியோடு வருபவரிடமும் அதைக் கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அத்தோடு முடிந்துவிடும்!

4. மாதிரி. மேலே தெளிந்ததை மட்டும் மொண்டு கொடுக்காதீர்கள், அடியில் வண்டல் இருக்கும். நீளக் குழாயை அடிவரை விட்டு எடுக்க வேண்டும். எரிக்கும்போது எவ்வளவு வெப்பம் தரும், எந்த வெப்பநிலையில் பற்றும், குளோரின், பாதரசம் எவ்வளவு என்று ஆய்வுகூடத்தில் பார்ப்பார்கள். இப்படியான கழிவு புத்தளத்துச் சீமெந்துச் சூளைக்குப் போகிறது. குளோரின் கூடினால் சூளைக்குள் படிந்து அடைக்கும். பாதரசமோ எரியாது, ஆவியாகிப் புகையோடு வெளியே போய்விடும்.

5. ஏற்றும் நாள். சூளை வாசலில் இன்னொரு முறை சோதிப்பார்கள். முந்தைய மாதிரியோடு ஒத்துவந்தால்தான் உள்ளே எடுப்பார்கள். அப்புறம் மரத்தூள் போன்றவற்றோடு கலந்து சூளைக்குள் விடுவார்கள். சீமெந்துக்கான கல் அங்கே 1450 பாகை செல்சியஸ் வரை சூடாகிறது. மிஞ்சும் சாம்பல் அந்தக் கல்லோடேயே சேர்ந்துவிடுவதால், தனியாகப் புதைக்க ஒன்றும் இருக்காது.

எங்களுடைய ஒரு பீப்பாய் அந்த வாசலிலிருந்து திரும்பி வந்தது. தரை கழுவிய தண்ணீரை யாரோ அதில் ஊற்றியிருக்கிறார்கள். போக்குவரத்துக் கூலியும் எங்கள் தலையில்தான். இப்போது பீப்பாய்களுக்குப் பூட்டுப் போட்டிருக்கிறோம்.